முதல் ரோமானிய வெண்கலக் காசு: ஒரே ஒரு பெரியதா, கைநிறையச் சில்லறையா?

மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். தங்கம், வெள்ளி எல்லாம் கட்டுப்படியாகாது, வெண்கலத்தில் ஒரு ரோமானியக் காசு வாங்க ஆசை, எதை எடுக்கலாம் என்று. போன வாரம் கேட்டவர் இன்னும் தெளிவாகவே கேட்டார். கையில் 200 பவுண்டு இருக்கிறது, முதலீடு கிதலீடு எல்லாம் கிடையாது, காசில் இருக்கும் உருவங்களைப் பார்த்து ரசிக்கத்தான் வாங்குகிறேன், ரோமின் பெரிய சில்லறைக் காசான செஸ்டர்ஷியஸ் ஒன்றே ஒன்று வாங்கட்டுமா, இல்லை சின்னச் சின்னதாக நிறைய வாங்கட்டுமா? அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். "வெண்கலக் காசு" என்பது பழகிப்போன பேச்சு, அவ்வளவுதான். கி.மு. 23 வாக்கில் முதல் பேரரசர் அகஸ்டஸ் சில்லறைக் காசுகளை ஒழுங்குபடுத்தியபோது செஸ்டர்ஷியஸையும் டூபோண்டியஸையும் பித்தளையில் அடிக்க வைத்தார். அஸ் என்ற காசு செம்பு. இதை நான் ஏதோ புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாலும் உண்மையில் புரிந்தது அம்மாவால்தான். இங்கே வந்து தங்கியிருந்தபோது, என் மேசையில் கிடந்த கறுத்த டூபோண்டியஸ் ஒன்றை, பிள்ளைக்குக் கழுவக்கூட நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடம் ஊறிய களிம்பு ஐந்து நிமிடத்தில் போயிற்று, கூடவே காசின் விலையும் பாதிக்கு மேல் போயிற்று. ஆனால் அது மஞ்சளாக இருந்தது! டூபோண்டியஸும் அஸ்ஸும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். மதிப்பில் முதலாவது இரண்டு மடங்கு. ரோமில் காய்கறி வாங்கியவர்கள் அதை எப்படிப் பிரித்தறிந்தார்கள் என்றால், நம் வீட்டில் பித்தளைச் சொம்பையும் செம்புச் சொம்பையும் எப்படிப் பிரிக்கிறோமோ அப்படித்தான். மஞ்சள் என்றால் இரண்டு, சிவப்பு என்றால் ஒன்று. இன்று எல்லாம் ஒரே கரும்பச்சையாகிவிட்டதால் நமக்கு அந்த வசதி இல்லை. நீரோ காலத்திலிருந்து டூபோண்டியஸில் பேரரசர் தலையில் சூரியக் கதிர் போன்ற கிரீடம் வர ஆரம்பித்ததால் அதை வைத்து ஓரளவு பிழைத்துக்கொள்கிறோம்.

(புளி, எலுமிச்சை, சபீனா எதுவும் வேண்டாம். தயவுசெய்து.)

## எதை வைத்து எடைபோடுவது

என் முதல் அளவுகோல் மிக எளியது: படம் தெரிகிறதா? பெயர் பெற்ற காசு, பெரிய காசு, அரிய காசு என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். இந்தக் காசுகள் பலவும் பல தலைமுறை கைமாறித் தேய்ந்தவை. தலைப்பக்கம் தேய்ந்தாலும் மூக்கு, தாடி, கழுத்தின் கோடு என்று ஏதோ மிஞ்சும். பின்பக்கத்தில் நிற்கும் உருவம் தேய்ந்தால் ஒரு மெழுகுவர்த்தி மட்டும்தான் மிஞ்சும்.

இரண்டாவது, படத்தில் விஷயம் இருக்கிறதா என்பது. ரோமானியக் காசுகளின் பின்பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் பெண்களைப் பார்த்து "எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறதே" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கோயில் தூணில் ஒரு சிற்பத்தைப் பார்த்தால் கையில் சங்கு சக்கரமா, வேலா, மழுவா என்று பார்த்துத்தானே யாரென்று சொல்கிறோம்? இங்கேயும் அதே கணக்கு. படகைத் திருப்பும் சுக்கான் கையில் இருந்தால் ஃபார்ச்சூனா, விதி எந்தப் பக்கமும் திருப்புவாள். பாம்புக்குத் தீனி கொடுத்தால் சாலூஸ், உடல்நலமும் நாட்டுநலமும். தராசு பிடித்தால் எக்விட்டாஸ், நேர்மை; அல்லது மொனேட்டா, காசு அடிக்கும் இடத்தின் தேவி. கோதுமைக்கதிர் பிடித்தால் அன்னோனா, ரோம் நகரத்துக்கு வந்துசேரும் தானியம். ஒரு கையில் பூ, இன்னொரு கையால் பாவாடையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தால் ஸ்பேஸ், நம்பிக்கை. தூணில் சாய்ந்து சாவகாசமாக நின்றால் செக்யூரிட்டாஸ், பாதுகாப்பு. இந்த ஆறேழு பேரைத் தெரிந்துகொண்டாலே பாதிக் காசுகளை எழுத்துப் படிக்காமல் சொல்லிவிடலாம். எழுதப்படிக்கத் தெரியாத ரோமானியனும் இப்படித்தான் படித்திருப்பான்.

அப்புறம் ஏமாறும் வாய்ப்பு, வெளியே தெரியாத செலவுகள், காசு எங்கிருந்து வந்தது என்ற சட்டக் கேள்வி. கடைசியாக, நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது, ஈரம். செம்பும் பித்தளையும் மண்ணில் கிடந்தபோது உறிஞ்சிய குளோரைடு உள்ளே ஒளிந்திருக்கும்; காற்றில் ஈரம் பட்டதும் கிளம்பி வெளிர்பச்சைப் பொடியாகக் காசைத் தின்ன ஆரம்பிக்கும். வெண்கல நோய் என்று சொல்வது இதைத்தான். சும்மா கறுத்தோ பச்சையாகவோ கெட்டியாக இருக்கும் களிம்பு நோய் இல்லை. நகத்தால் தொட்டால் உதிரும் மாவு போன்ற பச்சைதான் நோய். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடங்கிக் கிடக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அது எப்போது 40க்குக் கீழே போயிருக்கிறது?

## ஒரே ஒரு செஸ்டர்ஷியஸ்

இதன் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. ஏறக்குறைய 25 கிராம், 33 மில்லிமீட்டர் அகலம். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். ரோமானிய அச்சுக் கலைஞர்களுக்கு இவ்வளவு இடம் வேறெந்த அன்றாடக் காசிலும் கிடைக்கவில்லை, அவர்களும் அதை வீணாக்கவில்லை. நீரோவின் காசில் ஓஸ்டியா துறைமுகம் முழுவதும், வளைந்த கரைகளும் நடுவில் கப்பல்களும் கீழே சாய்ந்து படுத்திருக்கும் கடவுளுமாக, மேலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். கலிகுலாவின் காசில் அவருடைய மூன்று சகோதரிகளும் பெயரோடு நிற்கிறார்கள், மூவரும் மூன்று தேவதைகளின் வேடத்தில். வெஸ்பாசியன் கி.பி. 71இல் அடித்ததில் பேரீச்சை மரத்தடியில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்தான் யூதேயா, தோற்றுப்போன யூதர் நாடு. டைட்டஸின் காசில் கொலோசியம், உள்ளே கூட்டத்தின் தலைகள் புள்ளிபுள்ளியாக. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஹேட்ரியன் 118இல் வரிபாக்கியைத் தள்ளுபடி செய்ததற்கு அடித்த காசு: ஓர் ஆள் தீவட்டியால் கடன் பத்திரக் குவியலைக் கொளுத்துகிறான், சுற்றிலும் எழுத்தில் தொகை, 90 கோடி செஸ்டர்ஷியஸ். கடன் தள்ளுபடியை விளம்பரம் செய்வது ஒன்றும் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.

நல்லது. இதில் ஒன்றுகூட 200 பவுண்டுக்கு நல்ல நிலையில் கிடைக்காது. கொலோசியம் காசு ஏலத்துக்கு வந்தால் பல பத்தாயிரம் பவுண்டு. உங்கள் தொகைக்குக் கிடைப்பது அந்தோனினஸ் பையஸ், மார்கஸ் ஔரேலியஸ், ஃபாஸ்டினா காலத்துத் தேய்ந்த காசு. முகம் பார்க்க முடியும், பின்பக்கத்தில் மேலே சொன்ன மெழுகுவர்த்தி. புத்தகத்தில் பார்த்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைக் கையில் வாங்கும்போது வருகிற ஏமாற்றத்தை நானும் பட்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து, தேய்ந்ததைத் தேயாததாகக் காட்டுவது. பெரிய காசு, பெரிய விலை. அதனால் பின்னால் வந்த கைகள் சும்மா இருக்கவில்லை. உருவத்தைச் சுற்றியிருக்கும் வெற்றுத் தரைப்பகுதியின் குழிகளைச் சுரண்டி வழவழப்பாக்குவது ஒரு வகை. தேய்ந்த தலைமுடியையும் மடிப்புகளையும் உளியால் மறுபடி வெட்டிவிடுவது அடுத்த வகை. நான் வாங்கிய முதல் செஸ்டர்ஷியஸ் ஹேட்ரியன். விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து விஷயம் தெரிந்த ஒருவர் பூதக்கண்ணாடியில் பத்து விநாடி பார்த்துவிட்டு, "முடி மட்டும் இவ்வளவு கூர்மையாக இருக்கிறதே, காது ஏன் இப்படி மழுங்கியிருக்கிறது?" என்று கேட்டார். அவ்வளவுதான். காசு உண்மையான காசுதான், தாடியின் பாதி மட்டும் யாரோ ஒருவருடைய கைவேலை. அன்றிலிருந்து எந்தக் காசை எடுத்தாலும் முதலில் காதைப் பார்க்கிறேன்.

நகல்களுக்கும் இதில் நீண்ட பரம்பரை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் படுவா நகரத்து ஜொவான்னி த கவினோ ரோமானியப் பாணியில் அச்சு வெட்டி அடித்தவை அவ்வளவு அழகு, இன்று அவற்றையே தனியாகச் சேகரிக்கிறார்கள். அவருடைய அச்சுகள் பல பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வந்த வார்ப்புகள் அழகும் இல்லை, ஒன்றும் இல்லை.

அப்படியானால் செஸ்டர்ஷியஸ் யாருக்குச் சரி? முகங்கள் பிடித்தவர்களுக்கு, நேரில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிகிறவர்களுக்கு, ஒரே பொருளைப் பத்து வருடம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு. அப்படி வாங்குவதென்றால் ஒரு வழி சொல்கிறேன்: இரண்டாம் நூற்றாண்டை விட்டுவிட்டு மூன்றாம் நூற்றாண்டின் செவெரஸ் அலெக்சாண்டர், மூன்றாம் கோர்டியன், முதலாம் பிலிப் பக்கம் போங்கள். காசின் வட்டம் கோணல்மாணலாக இருக்கும், விளிம்பு வெடித்திருக்கும், ஆனால் முந்தையவற்றைப் போல நூறு வருடம் புழங்கித் தேயவில்லை. அதே விலைக்குப் பின்பக்கத்துப் பெண்மணி கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று தெரியும்.

## அஸ்ஸும் டூபோண்டியஸும்

இவைதான் ரோமின் உண்மையான சில்லறை. கி.பி. 14இல் டான்யூப் ஆற்றங்கரை எல்லையான பன்னோனியாவில் கலகம் செய்த படைவீரர்கள் சொன்ன குறை, உடலையும் உயிரையும் ஒரு நாளைக்குப் பத்து அஸ்ஸுக்கு விற்கிறோம் என்பது. அந்தக் கூலியிலிருந்துதான் உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் பிடித்தம். ஓர் அஸ்ஸைக் கையில் பிடித்தால் ஒரு வீரனின் ஒரு மணிநேர வயிற்றெரிச்சலைப் பிடித்திருக்கிறீர்கள்.

செஸ்டர்ஷியஸில் பாதி எடை, 27, 28 மில்லிமீட்டர் அகலம். படத்துக்கு இது போதும். விலை, சுமாரான நிலையில் 50இலிருந்து 120 பவுண்டு வரை. படங்கள் சளைத்தவையும் அல்ல. அகஸ்டஸின் வலதுகரமாக இருந்த அக்ரிப்பாவின் நினைவாகக் கலிகுலா அடித்த அஸ்: முன்னால் கப்பல் மூக்குகளால் ஆன முடி அணிந்த அக்ரிப்பா, பின்னால் ஒரு கையில் டால்பினும் மறுகையில் திரிசூலமுமாக நெப்டியூன். ஏராளமாக அடித்த காசு, அதனால் தேடினால் கிடைக்கும். முன்புறம் பின்புறம் இரண்டுமே கடற்போரைப் பேசுகின்றன, ஆக்டியம் போரை வென்று கொடுத்தவர் இவர்தான் என்று தெரிந்து பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். தெற்கு பிரான்சின் நீம் நகரத்தில் அடித்த காசில் அகஸ்டஸும் அக்ரிப்பாவும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க, பின்னால் பனைபோன்ற மரத்தில் சங்கிலியால் கட்டிய முதலை; முதலை என்றால் எகிப்து. சில்லறைத் தட்டுப்பாட்டில் இதைப் பாதியாக வெட்டியே செலவழித்தார்கள், அந்தப் பாதிக் காசு முழுக் காசைவிட மலிவு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். நீரோ தன் ஆட்சியில் தரையிலும் கடலிலும் அமைதி வந்துவிட்டதென்று ஜானஸ் கோயிலின் கதவைச் சாத்திய காசும் அஸ்ஸில் கிடைக்கிறது, சாத்திய கதவோடு.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்தோனினஸ் பையஸ் 154, 155இல் அடித்த பிரிட்டானியா அஸ்: பாறைமேல் தலையைக் கையால் தாங்கிச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பெண். பெரும்பாலும் இந்தத் தீவிலேயே கிடைக்கிறது. ஹேட்ரியன் சுவரை ஒட்டிய கொவென்டினா கிணற்றில் நேர்த்திக்கடனாக நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மட்டமாக அடித்தவை, தேய்ந்தவை. தோற்றுப்போன நாட்டின் படத்தை அந்த நாட்டுக்காரன் கையிலேயே சில்லறையாகக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் என்ன சொல்ல.

மறைமுகச் செலவு இதில் குறைவு. செம்பு மண்ணில் குழிவிழும், அதனால் படத்தில் அம்மைத் தழும்பு போல இருக்கும். இதை ஏற்றுக்கொள்ளப் பழகிக்கொள்ள வேண்டும். மறுபடி செதுக்கியவை இங்கேயும் உண்டு, ஆனால் செலவழிக்கும் உழைப்புக்கு வருமானம் கட்டாததால் செஸ்டர்ஷியஸ் அளவுக்கு இல்லை.

பேரரசர்கள் வருவதற்கு முந்தைய குடியரசுக் காலத்து அஸ் பற்றியும் கேட்பார்கள். முன்னால் இருமுக ஜானஸ், பின்னால் கப்பல் முனை, நூற்றாண்டுக் கணக்கில் அதே படம். ரோமானியப் பிள்ளைகள் காசைச் சுண்டும்போது "தலையா கப்பலா" என்று கேட்பார்களாம், நம்முடைய பூவா தலையா. அந்த ஒரு சங்கதிக்காக ஒன்று வைத்துக்கொள்ளலாம். ரசிக்க இரண்டாவது தேவைப்படாது.

## நான்காம் நூற்றாண்டுச் சில்லறை

இவற்றை யாரும் பரிந்துரைப்பதில்லை. நகம் அளவு, ஒன்றரையிலிருந்து மூன்று கிராம், படிக்கக்கூடிய நிலையில் பத்திலிருந்து இருபது பவுண்டு. "அதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்" என்பார்கள். எனக்கு நேர்மாறான எண்ணம்.

முதலில், இவை தேயவில்லை. பணவீக்கம் அப்படி, புதிய காசு வர வரப் பழையது மதிப்பிழந்து மூட்டைமூட்டையாகப் புதைந்துபோனது. 2013இல் இங்கிலாந்தின் டெவனில் சீட்டன் டவுனில் கிடைத்த புதையலில் மட்டும் 22,888 காசுகள், கிட்டத்தட்ட எல்லாம் இந்தக் காலத்தவை. அதனால் படம் சிறியது, ஆனால் இருக்கிறது. ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக்கொண்டால் போதும்.

இரண்டாவது, ரோமானியப் பேரரசு சூரியனைக் கும்பிடுவதிலிருந்து சிலுவைக்கு மாறியது இந்தக் காசுகளின் முகத்திலேயே நடந்தது. கான்ஸ்டன்டைன் 312இல் மில்வியன் பாலப் போரில் கிறிஸ்துவின் அடையாளத்தோடு வென்றார் என்கிறது மரபு. அதற்குப் பிறகும் பல வருடம் அவர் காசின் பின்னால் நிற்பது கதிர்முடி சூடிய சூரியதேவன்தான், "என் தோழன் வெல்லமுடியாத சூரியன்" என்ற எழுத்தோடு. 330 முதல் ரோமுலஸ், ரீமஸ் இருவருக்கும் பாலூட்டும் ஓநாய்க் காசு வருகிறது. மேலே இரண்டு நட்சத்திரம், முன்னால் தலைக்கவசம் போட்ட ரோம் நகரம். கூடவே புதுத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் ஜோடியாக ஒரு காசு, கப்பல் முனையில் வெற்றித்தேவதை. 337இல் கான்ஸ்டன்டைன் இறந்ததும் அடித்த காசில் முக்காடிட்ட தலை. பின்னால் நான்கு குதிரை பூட்டிய தேரில் அவர் வானேற, மேலிருந்து ஒரு கை நீண்டு அவரை வாங்கிக்கொள்கிறது. தேரேறிப் போவது பழைய ரோமானிய வழக்கம், மேலிருந்து வரும் கை புது மதத்தின் கடவுள். 15 மில்லிமீட்டர் காசில் இதைவிட அதிகம் யாராலும் சொல்ல முடியாது.

எல்லாரிடமும் இருக்கும் "படையின் பெருமை" காசை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு படைக்கொடிகள். 335 வாக்கில் அதே படம், ஆனால் ஒரு கொடிதான். காசின் எடையைக் குறைத்தார்கள், வட்டம் சுருங்கியது, ஒரு கொடிக்கு இடமில்லாமல் போயிற்று. டயோக்ளீஷியன் 294 வாக்கில் கொண்டுவந்தபோது பத்து கிராம் இருந்த காசு இது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 348இல் "இனிய காலம் திரும்பிவிட்டது" என்று ஒரு தொடர் வெளியிட்டார்கள், ரோம் பிறந்து 1100 வருடம் நிறைந்ததை ஒட்டி என்பார்கள். அதிலேயே பரவலான படம் எது தெரியுமா, குதிரையிலிருந்து விழுந்தவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்துவது.

மூன்றாவது, படத்துக்குக் கீழே கோடு போட்டு நாலைந்து எழுத்து இருக்கும். எந்த அக்கசாலை (காசு அடித்த இடம்), அதில் எந்தப் பட்டறை என்பது அது. ட்ரியர், சிஸ்ஸியா, அந்தியோக்கியா, அலெக்சாண்டிரியா, 325 வரை லண்டன்கூட. முதல் தடவை நீங்களாகவே அதைப் படித்து அடையாளம் கண்டுபிடிக்கிற சுகம் இருக்கிறதே, தேய்ந்த செஸ்டர்ஷியஸ் அதைத் தராது.

நம்மவர்களுக்கு ஒரு நிஜமான தொடர்பும் இங்கேதான். ரோமின் தங்கமும் வெள்ளியும் தமிழ்நாட்டுக்கு வந்ததைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஆனால் கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் கிடைத்தவற்றில் இந்த 4, 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக் காசுகள் ஏராளம். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைச் சேகரித்து ஆராய்ந்து பதிப்பித்தார். இலங்கையில் இன்னும் அதிகம். அங்கே இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த போலச்செய்தவைகூடக் கிடைக்கின்றன, எழுத்தெல்லாம் வெறும் கோடுகளாக.

குறை இல்லாமல் இல்லை. சுவரில் மாட்டி விருந்தாளிக்குக் காட்ட முடியாது. கண் நாற்பதைத் தாண்டியிருந்தால் லென்ஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மலிவு என்பதால் கைக்கட்டுப்பாடு போய்விடும். இருபது பவுண்டு இருபது பவுண்டாக ஒரு வருடத்தில் ஒரு நல்ல செஸ்டர்ஷியஸ் விலையைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவரைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

## மாகாணக் காசுகள்

கிழக்கில் நூற்றுக்கணக்கான நகரங்கள் தங்கள் சொந்தச் செப்புக் காசை அடித்தன, பேரரசர் தலையும் உள்ளூர்க் கடவுளுமாக. படங்களின் வளத்துக்கு இதற்கு இணை கிடையாது. இன்றைய துருக்கியில் இருந்த ஃபிரிஜியாவின் அபமெயா நகரக் காசில் நோவாவின் பேழை, பெயரோடு. அலெக்சாண்டிரியாவின் பெரிய செப்பு டிராக்மாவில் நைல் நதி தாடிவைத்த கிழவராகச் சாய்ந்து படுத்திருக்கும், பக்கத்தில் முதலை. இன்னொன்றில் ஐசிஸ் தேவி பாய்மரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு கலங்கரை விளக்கத்தின் எதிரே நிற்பாள். அந்த ஃபாரோஸ் விளக்கம் நிலநடுக்கங்களில் இடிந்து மறைந்தே பல நூற்றாண்டாகிறது. அது நின்ற காலத்தில் அதைப் பார்த்தவன் வெட்டிய படம் காசில் இருக்கிறது. அந்தோனினஸ் பையஸின் எட்டாம் ஆட்சியாண்டில், 144, 145இல், ராசிமண்டலத்தையே ஒரு வரிசையாக அடித்தார்கள். எகிப்தியக் காசில் ஆட்சியாண்டு எழுதியிருப்பதால் எந்த வருடத்துக் காசு என்றே சொல்லிவிடலாம், ரோமில் அடித்தவை எல்லாவற்றிலும் கிடைக்காத வசதி.

விலை செஸ்டர்ஷியஸைவிடக் குறைவு. அப்புறம் ஏன் இதை முதலில் சொல்லவில்லை? கிரேக்க எழுத்து படிக்க வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கு, ஒரு கடவுள். தேய்மானமும் அதிகம், அலெக்சாண்டிரியா டிராக்மா தேய்ந்தால் செஸ்டர்ஷியஸைவிட மோசம். சட்டமும் இடிக்கும்: எகிப்து 1983ஆம் ஆண்டின் 117ஆம் சட்டத்தோடு தொல்பொருள் வியாபாரத்தையே மூடிவிட்டது, துருக்கியிலும் மண்ணிலிருந்து வருவது அரசுக்குச் சொந்தம். அதனால் பழைய சேகரிப்பிலிருந்து வந்ததற்கு ஏலப் பட்டியலோ பழைய உறையோ ரசீதோ இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். அந்தக் காகிதத்துக்கும் சேர்த்துத்தான் விலை. இரண்டாவது வருடத்தில் வாருங்கள், இது ஓடிப்போகாது.

## கழுவாத காசு மூட்டை

"மண்ணோடு ஐம்பது காசு, உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்!" யாருக்குத் தெரியும் என்றால், விற்கிறவருக்குத் தெரியும். நல்லதை எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை விற்கிறார். காய்ச்சி வடித்த நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, பல்துலக்கியால் தேய்த்து, கடைசியில் கிடைப்பது வழுவழு வட்டத் தகடு. பெரும்பாலும் பால்கன் நாடுகளில் இரவோடு இரவாகத் தோண்டியவை. எந்தக் குழியில் எதோடு கிடந்தது என்பது அதோடு தொலைந்தது. பிள்ளைகளோடு பொழுதுபோக்க என்கிறவர்கள் உண்டு. வேண்டாம், பிள்ளைகளுக்கு வேறு பொழுதுபோக்கு இருக்கிறது.

## அவசரக்காரர்களுக்கு

| | படம் தெரியுமா | விலை (சுமார், பவுண்டில்) | எதில் ஏமாறுவீர்கள் | யாருக்கு |
|---|---|---|---|---|
| செஸ்டர்ஷியஸ் | முகம் தெரியும், பின்பக்கம் சந்தேகம் | தேய்ந்தது 200 வாக்கில், நல்லது அதற்கு மேல் | மறுபடி செதுக்கியது, வார்ப்பு | முகம் பிடித்தவர், நேரில் வாங்குபவர் |
| அஸ், டூபோண்டியஸ் | பெரும்பாலும் | 50–120 | மழுங்கிய பின்பக்கம், குழிகள் | ஒரே காசு போதும் என்பவர் |
| 4ஆம் நூற்றாண்டு | லென்ஸில் நன்றாக | 10–20 | அளவில்லாமல் வாங்குவதில் | படிக்கப் பிடித்தவர் |
| மாகாணம் | அதிர்ஷ்டம் | 100–300 | ஆவணம் இல்லாத காசு | இரண்டாம் வருடக்காரர் |
| கழுவாத மூட்டை | இல்லை | மலிவு மாதிரி இருக்கும் | எல்லாவற்றிலும் | யாருக்கும் இல்லை |

## வாங்காமலே இருப்பது

இதையும் ஒரு தேர்வாகத்தான் சொல்கிறேன், தமாஷுக்கு அல்ல. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆற்றிலோ வயலிலோ புதைந்து கிடந்தது கிடைத்தால், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டியிருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே அமராவதியில் பொறுக்கியது என்று யாராவது கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால் நடையைக் கட்டுங்கள். வெளிநாட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்களும் யோசித்துக்கொள்ளுங்கள்; உள்ளே வந்த காசு மறுபடி வெளியே போவது கடினம்.

பார்க்க மட்டும் ஆசை என்றால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 68ஆம் எண் கூடம், பணத்தின் வரலாற்றுக்கே ஒதுக்கியது, கட்டணம் இல்லை. ஃப்ரோம் என்ற இடத்தில் 2010இல் ஒரே பானையில் கிடைத்த 52,503 காசுகளின் பெரும்பகுதியை டான்டனில் உள்ள சோமர்செட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தப் பானையைப் பார்த்த பிறகு "அரிய ரோமானியக் காசு" என்று யாராவது விளம்பரம் போட்டால் சிரிப்பு வரும். ஊரில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்க, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையப் பட்டியலில் பேரரசுக் காசு வகைகள் படத்தோடு இருக்கின்றன, ஒரு காசு வாங்குவதற்கு முன் அதில் பத்து மணிநேரம் செலவழித்தால் அதைவிட லாபமான முதலீடு கிடையாது.

## அந்த 200 பவுண்டு

கேட்டவருக்கு நான் எழுதியது இதுதான். செஸ்டர்ஷியஸ் இப்போது வேண்டாம். பின்பக்கத்து நெப்டியூனின் திரிசூலம் தெளிவாகத் தெரிகிற அக்ரிப்பா அஸ் ஒன்று, 90 பவுண்டுக்குள்; முகம் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை. சூரியன், ஓநாய், இரண்டு கொடி, ஒரு கொடி, தேரில் போகும் கான்ஸ்டன்டைன் என்று ஐந்து சின்னக் காசுகள், 75 பவுண்டுக்குள். மிச்சத்தில் ஒரு லென்ஸ், காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். காசைப் போட்டுவைக்க மலிவான பிவிசி உறை வேண்டாம், அது கசிந்து பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். காகித உறை போதும். ஏலத்தில் எடுப்பதென்றால் சுத்தியல் விழும் விலைக்கு மேலே ஏல நிறுவனத்தின் கமிஷன் இருபது சதவீதமோ அதற்கு மேலோ, அஞ்சல் செலவு வேறு. 90 என்று நினைத்து 90க்குக் கேட்காதீர்கள், 70இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேற்று பதில் வந்தது. ஓநாய்க் காசு வாங்கிவிட்டாராம், ஓநாயும் பிள்ளைகளும் நன்றாகத் தெரிகிறார்கள், ஆனால் மேலே ஒரே ஒரு நட்சத்திரம்தான் இருக்கிறது, இது போலியா என்று கேட்கிறார். இல்லை, வட்டத்தைவிட அச்சு பெரிது, அடிக்கும்போது சற்று நகர்ந்துவிட்டது; இன்னொரு நட்சத்திரம் காசுக்கு வெளியே விழுந்துவிட்டது.